மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலி

“ஒரு வருஷம், ஏழு நாள்,” என்றான் லிஃப்ட் மெக்கானிக். “ஒரு சொட்டு தொடல, டாக்டர்.”

டாக்டர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மெக்கானிக்கின் இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் தம்பி. முடிவை மூவரும் சேர்ந்தே கேட்பதாக முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நிபந்தனை வைத்தவள் மனைவி. போன வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு, தையல் மிஷினையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனபோது, “உங்க வாய நம்பி நம்பி எனக்கு அலுத்துப் போச்சு. உங்க ரத்தம் சொல்லட்டும், வரேன்,” என்றிருந்தாள். அந்த வாரமே அவன் இந்த ஆராய்ச்சியில் பேர் கொடுத்தான். குடியை விட்டவரும், குடிக்காத உடன்பிறப்பும் ஜோடியாக வரவேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை, வருடம் முடிந்து ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். அவனுக்குத் தம்பி இருந்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன். சோடாகூடக் குடிக்கமாட்டான் என்று பேர் எடுத்தவன்.

“மரபணு பிறந்ததுலேர்ந்து மாறாது,” என்றார் டாக்டர். “ஆனா அது மேல சின்னச் சின்ன ரசாயனக் குறிகள் ஒட்டியிருக்கும். தொடர்ந்து குடிச்சா அதெல்லாம் ஒரு தினுசா மாறும். விட்டா மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா திரும்பும். எல்லாமே திரும்பும்னு சொல்ல முடியாது.”

“இவருக்கு?” என்றாள் மனைவி.

“திரும்பல. இப்பவும் குடிக்கிறவங்களுக்கு இருக்கிற மாதிரிதான் இருக்கு.”

மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கத்தியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பாக்குறவரு, டாக்டர். எங்க கட்டடத்து லிஃப்ட் மட்டும் ரெண்டு வருஷமா படுத்துக் கிடக்கு.”

“அத சரி பண்ணிட்டேனே!”

“இதையும்தானே சரி பண்ணிட்டதா சொன்னீங்க?”

டாக்டர் பேனாவால் திரையில் தம்பி பேருக்கு நேரே இருந்த கீழ்வரியைத் தட்டினார். “எனக்குப் புரியாதது இதுதான். தம்பி குடிக்கிறதில்ல. ஆனா நெறைய குடிச்சு விட்டவங்களுக்கு ஆறிட்டு வருமே, அந்த மாதிரி குறி இவர் ரத்தத்துல. போன வருஷம் இது இல்ல.”

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் வருமுன்பே குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டி, குடியை விட்டவரின் குழாயை மின்விசிறிக்குக் கீழுள்ள நாற்காலியருகிலும், மற்றவரின் குழாயைச் சுவரோர நாற்காலியருகிலும் வைத்துவிடுவாள். இரண்டாவது முறை ரத்தம் கொடுத்த அன்று கூட்டம். அவள் பெயர் கேட்கவில்லை. தம்பிக்கோ ஊசியைக் கண்டால் கண் இருட்டும். “நீ காத்து வர்ற எடத்துல உக்காருடா,” என்று அண்ணன்தான் இடம் மாற்றி உட்கார வைத்தான்.

அப்படியானால் தன் பேரில் இருக்கும் மேல்வரி யாருடையது?

தம்பியைப் பார்த்தான். அவன் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு நிமிஷம், டாக்டர்.”

தம்பியை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிவந்தான்.

“எத்தனை நாளா?”

“எது?”

“என்கிட்டயே கதை விடாத. அந்த விஷயத்துல நான் உனக்கு சீனியர்.”

தம்பி சிரிக்கப் பார்த்தான்; வரவில்லை. “நீ விட்டப்போ, மிச்சமிருந்த பாட்டிலைக் கொட்டச் சொல்லி என்கிட்டதானே கொடுத்த? அஞ்சு பாட்டில். வாஷ்பேசின் வரைக்கும் கொண்டு போயிட்டேன். அப்படி இதுல என்னதான் இருக்குன்னு…”

அண்ணனுக்குக் காலடியில் லிஃப்ட் இரண்டு மாடி நழுவியது போலிருந்தது. தன் கையை நம்பாமல் தம்பி கையில் கொடுத்தவன் அவன்தான்.

“அஞ்சு பாட்டில் ஒரு வருஷம் வராதே.”

“அப்புறம் வாங்கினேன். ஆனா கன்ட்ரோல்ல இருக்கேண்ணா. வேலை முடிஞ்சாதான். வண்டியில தொட்டதே இல்ல.”

“இதே டயலாக்க நான் உங்க அண்ணிகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காலையில ஆறரைக்குப் பசங்கள ஏத்துற. அதுக்குள்ள முழுசா இறங்கியிருக்கும்னு உனக்கு யார் சொன்னா?”

“வேலை போயிடும்ணா.” தம்பி குரலைத் தாழ்த்தினான். “நீ இன்னொரு தடவை ரத்தம் கொடு. உன் பேர் தெளிஞ்சிடும். என்னைப் பத்தி எதுக்குப் பேசணும்?”

சுலபமான வழிதான். யாருக்கும் தெரியாது. மெக்கானிக் ஒரு கணம் கண்ணாடிக் கதவு வழியே மனைவியைப் பார்த்தான். அவள் கிளம்பத் தயாராக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“என் பேர் தெளியும். உன் வேன் அப்படியே ஓடும். உள்ள இருபது புள்ளைங்க,” என்றான். “நீயா சொன்னா வைத்தியம். நான் சொன்னா கோள். ரெண்டுல ஒண்ணு இப்பவே நடக்கணும்.”

தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு போய் மேஜைமேல் சாவியை வைத்தான்.

“அன்னைக்கு நாங்க நாற்காலி மாறி உக்காந்துட்டோம், டாக்டர். அந்த மேல்வரி என்னோடது.”

டாக்டர் திட்டவில்லை. “குறிதான் மாறும், மரபணு மாறாது. போன வருஷ ரத்தத்தோட ஒத்துப் பாத்தா எது யாரோடதுன்னு தெரிஞ்சிடும். ரெண்டு நாள் ஆகும். நீங்க பாட்டுக்கு திடீர்னு நிறுத்திடாதீங்க தம்பி. உடம்பு தாங்காம போகலாம். இன்னைக்கே மேல்மாடியில குடி நிறுத்த வைத்தியம் பாக்குற டாக்டரைப் பாத்துட்டு நிறுத்துங்க.”

மனைவி கொழுந்தனையே பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். கணவனின் பைக் சாவியை ஒளித்து ஒளித்துப் பழகிய கை.

“மூணரைக்குப் பசங்கள யாரு கூட்டிட்டு வருவா? முதல்ல ஸ்கூலுக்கு போனைப் போடு. என் முன்னாடியே போடு.”

“சரி அண்ணி.” அவன் எண்ணை அழுத்தினான்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “ரெண்டு நாள் கழிச்சு டாக்டர் சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்.”

அவன் தலையாட்டினான்.

வாசல்வரை போனவள் நின்றாள். “அந்த லிஃப்ட் நம்ம நாலாவது மாடி வரைக்கும் போகுதா?”

“போகுது. கதவு மட்டும் கொஞ்சம் சிக்குது.”

“அத சரி பண்ணி வைங்க,” என்றாள். “தையல் மிஷினைப் படியில தூக்க முடியாது.”