தோற்கப் போன ஆட்டம்

கழுத்தெலும்பு நரம்பை நசுக்குகிறது, இன்னொரு முறை தலைகுப்புற விழுந்தால் இரண்டு கையும் விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. விஷயம் தெரிந்தவர்கள் நானும் என் மனைவியும்தான். தெரிய வேண்டியவர் என் அண்ணன். அவரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் ஆறு முறை தேசிய சாம்பியன், எந்தக் கொம்பன் வந்தாலும் அசராதவன், அண்ணன் முன்னால் மட்டும் பூனைக்குட்டி.

அண்ணன்தான் என் பயிற்சியாளர். எனக்காகத் தன் ஆட்டத்தை விட்டார், கல்யாணத்தையும் விட்டார். எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி கிடையாது, பயிற்சி மெத்தைதான். நான் என்ன சாப்பிட வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்று சமையலறைக் கதவில் எழுதி ஒட்டியிருப்பார். கல்யாணமான புதிதில் என் மனைவி அதைப் படித்துவிட்டு, "நான் உங்களைக் கட்டிக்கிட்டேனா, இல்ல உங்கண்ணன் எனக்கு இரவல் குடுத்திருக்காரா?" என்று கேட்டுச் சிரித்தாள். இப்போது அவள் சிரிப்பதில்லை.

"இன்னிக்காவது அவர்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

"மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க. என்கிட்ட மட்டும் வாய் கிழியுது."

எனக்குத் தோன்றியது ஒரே வழிதான். தேசிய அணிக்கான தேர்வு ஆட்டத்தில் தோற்றுவிடுவது. தோற்றவனை அணியில் எடுக்க மாட்டார்கள். பாவம், வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். தோற்றுவிட்டு வருகிறேன் என்று மனைவியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

எதிரே வந்தவனுக்கு ஒட்டடைக்கம்பு என்று பட்டப்பெயர். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல கெட்டிக்காரன். இடது காலை அவனுக்கு வாகாக நீட்டி வைத்தேன். இந்தா, எடுத்துக்கொள். எடுத்துச் சாய்த்தான், இரண்டு புள்ளி. மறுபடியும் சாய்த்தான். நாலுக்குப் பூஜ்யம். அரங்கம் கப்சிப். "இடது காலைப் பாருடா, இடது காலை" என்று அண்ணன் ஓரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இருபது வருஷத்தில் மெத்தைமேல் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

கடைசி நாற்பது வினாடி. சும்மா நின்றிருந்தாலே அவன் ஜெயித்திருப்பான். பாவிப் பயலுக்கு ஆசை அடங்கவில்லை. சாம்பியனைத் தூக்கி எறிந்தான் என்று பேர் வாங்க வேண்டுமாம். என் இடுப்பைக் கட்டிப்பிடித்து அப்படியே தூக்கினான். கால் தரையை விட்டதும் கழுத்து ஞாபகம் வந்துவிட்டது. ஐயோ, தலைகுப்புற விழப்போகிறேன். அந்தப் பயத்தில் உடம்பு தானாகத் திரும்பியது. நான் திருப்பவில்லை, சத்தியமாக நான் திருப்பவில்லை. தடாலென்று விழுந்தபோது அவன் கீழே கிடந்தான், நான் மேலே. அவனுடைய இரண்டு தோளும் மெத்தையில் பதிந்திருந்தன. நடுவர் மெத்தையைத் தட்டினார். தோள் இரண்டும் பதிந்துவிட்டால் புள்ளிக்கணக்கு செல்லாது. நான் ஜெயித்துவிட்டேன்.

நடைவழியில் மனைவி நின்றிருந்தாள்.

"கழுத்தைக் காப்பாத்தத்தான் திரும்பிட்டேன்" என்றேன்.

"உங்களுக்கு ஆட்டத்தை விட்டுட மனசில்லைங்க. அதை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

உடை மாற்றும் அறையில் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அப்பா செத்தபோதுகூட அழாதவர்.

"ஒண்ணு சொல்லட்டுமாடா? நாலு புள்ளி போனதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இதோட முடிஞ்சுது, இனி அவன் பொண்டாட்டியோட நிம்மதியா இருக்கட்டும்னு. எனக்கும் அலுத்துப்போச்சுடா."

இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

"அண்ணே" என்றேன்.

"அப்பதான் நீ காத்துல திரும்புன. அதைப் பாத்ததும் என்மேல எனக்கே வெக்கமாப் போச்சு. உன்னை நம்பாம இருந்துட்டேனே. சாகுற வரைக்கும் இனி அந்த நெனப்பு எனக்கு வராதுடா." என் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன். "தேசிய அணிப் பயிற்சி முகாம் என்னிக்கு ஆரம்பிக்குது?"