ஆரஞ்சு விளக்கின் கீழ் மெலாஸ்

"அம்மா, இந்த வருஷக் கிறிஸ்துமஸ் அப்பாவோட முறை. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. காலண்டர்ல நீதானே பச்சை மையில எழுதி வெச்ச."

"நீ என்ன பண்ணப் போற? வீட்டுல தனியாவா?"

"யாரு தனியா? நானும் மெலாஸும் கியூபெக் நகரத்துக்கு வர்றோம். நாயைச் சேத்துக்கற ஹோட்டலா பாத்து ரூம் போட்டாச்சு. மூணு நாள் பனி, விளக்கு, கடைத்தெருன்னு ஜாலியா சுத்துவோம்."

"இங்கயா வர்ற? எங்க வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம்மா அந்தக் கடைத்தெரு."

"பயப்படாத. உன் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

போனில் என் மகள் நொயெமி கேட்டாள்: "அம்மா, என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"இல்லையே. உன்கிட்ட நான் என்ன கேக்கப் போறேன்?"

அக்டோபரில் நடந்த பேச்சு இது. அப்போது நான் எந்த ஹோட்டலிலும் ரூம் போட்டிருக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் உட்கார்ந்து தேடினேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நொயெமியின் அப்பா ரெஜானும் நானும் பிரிந்தபோது, கோபத்தில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "அந்த மனுஷன் உக்கார்ற மேஜையில எனக்கு நாற்காலி போடாத." அவள் ஒரு பல் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறவள். எங்களுக்கும் அப்படியே ஒதுக்கிவிட்டாள். ஒரு கிறிஸ்துமஸ் அப்பாவுக்கு, அடுத்தது அம்மாவுக்கு. நாயும் எங்கள் இருவருக்கும் பொது என்பதால், மகள் அவரோடு விருந்து சாப்பிடும் வருடம் நாய் என்னோடு. கோபம் ஒரே வருடத்தில் ஆறிப்போனது. வாழ்நாள் முழுக்கக் கோபப்படுகிற அளவுக்கு ரெஜான் கெட்டவரும் இல்லை. ஆனால் நான் சொன்ன வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. அதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலையில் எங்கள் ஊர் ரோபெர்வாலிலிருந்து கிளம்பினோம். பின்சீட்டில் மெலாஸ். கரும்புப்பாகு நிறத்தில் பதினொரு வயதுப் பெண் நாய், முப்பது கிலோ. காரின் டிக்கியில் அவளுடைய சாப்பாடு, கால்களுக்கு நான்கு குட்டி பூட்ஸ், அப்புறம் போர்வை சுற்றிய பெரிய பாத்திரத்தில் பன்னிரண்டு பேருக்கான தூர்த்தியேர். எங்கள் ஏரிக்கரை ஊரில் கறியையும் உருளைக்கிழங்கையும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, மேலே மாவு மூடி, எட்டு மணி நேரம் அடுப்பில் வைத்து எடுக்கும் பண்டிகை உணவு. பயணம் போவது ஒரு பெண்ணும் ஒரு நாயும். முதல் நாள் முழுக்க நின்று அதைச் செய்தபோது, யாருக்காக என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் கவனமாக இருந்தேன்.

ஹோட்டல் அறையில் மெலாஸுக்கு ஒரு மெத்தை, ஒரு கிண்ணம், எலும்பு வடிவத்தில் இரண்டு பிஸ்கட், "நல்வரவு, மெலாஸ்" என்று கையால் எழுதிய அட்டை எல்லாம் இருந்தன. அதைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், காட்டுவதற்கு ஆள் இல்லை.

ஹோட்டலில் கார் நிறுத்த இடம் கிடையாது. பின்னால் இருந்த சின்னத் தெருவில் விட்டுவிட்டு நடந்தோம். பனி பஞ்சு போல விழுந்துகொண்டிருந்தது. மெத்தென்ற புதுப்பனி என்பதால் பூட்ஸை டிக்கியிலேயே விட்டுவிட்டேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் மெலாஸிடம் நின்றார்கள். "பேர் என்ன?" "எத்தனை வயசு?" "தொட்டுப் பாக்கலாமா?" ஒன்பது பேர் அவள் பெயரைக் கேட்டார்கள். என் பெயரை யாரும் கேட்கவில்லை. கீலேன் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

உணவகங்களுக்குள் நாயை விடமாட்டார்கள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். நீள மேஜைகள், சிவந்த முகங்கள், ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிடும் குடும்பங்கள். வெளியே நின்றபடியே ஒரு கோப்பை சூடான சாக்லேட் குடித்தேன். ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

கார் நின்ற தெருவில், கம்பத்தின் உச்சியில் ஓர் ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கீழே ஊசியிலை மாலைகள், மேலே அந்த விளக்கு. நகரத்துக்காரர்கள் எவ்வளவு அழகாக அலங்கரிக்கிறார்கள் என்று நினைத்தேன். மெலாஸைக் கம்பத்தடியில் உட்கார வைத்து, மேலே விளக்கும் தெரிய ஒரு படம் எடுத்து, "நாங்கள் சௌக்கியம்" என்று நொயெமிக்கு அனுப்பிவிட்டு, போனை அணைத்து எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். மெலாஸ் தன் மெத்தையை விட்டு என் கட்டிலில் ஏறிக்கொண்டாள். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

காலையில் போனைத் திறந்தால் நொயெமியிடமிருந்து நான்கு செய்திகள்.

"அம்மா, அது அலங்கார விளக்கு இல்ல!"

"அது மினுக்கினா ராத்திரி பனி அள்ள வண்டி வரும்னு அர்த்தம். காரை எடு!"

"அம்மா???"

"தூங்கிட்டியா? கடவுளே."

மெலாஸை இழுத்துக்கொண்டு ஓடினேன். தெரு வழித்துத் துடைத்தாற்போலக் கறுப்பாகக் கிடந்தது. ஒரு கார் இல்லை. தன் வீட்டுப் படியில் பனி தள்ளிக்கொண்டிருந்த பெரியவர் என்னையும் காலியான தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"ரோபெர்வால்."

"அட, புளூபெர்ரி விளையற ஊரா! அதானே பாத்தேன். ஆரஞ்சு விளக்கைப் பாத்து என்ன நெனச்சீங்க, கிறிஸ்துமஸ் தாத்தாவோட வண்டின்னா?"

"அலங்காரம்னு நெனச்சேன்."

பெரியவர் மண்வாரியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "போன வருஷம் உங்க ஊர்க்காரர் ஒருத்தர் அதுக்குக் கீழயே நின்னு பாட்டுப் பாடினாரு. கவலப்படாதீங்க, தொலைஞ்சு போகாது. இழுத்துட்டுப் போய்ப் பக்கத்துத் தெருவுல எங்கயாவது விட்டிருப்பாங்க. கீழ்ப்பக்கமா தேடிப் பாருங்க."

கீழே இறங்கும் தெருவில் பனி உருக உப்பைத் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள். பத்தடி போனதும் மெலாஸ் ஒரு காலைத் தூக்கினாள். பிறகு இன்னொரு கால். பிறகு நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். உப்பு பாதத்தில் எரிகிறது. பூட்ஸ் காரில், கார் எங்கேயோ. முப்பது கிலோவை என்னால் தூக்க முடியாது. ஒரு மாதா கோயில் படியில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, அவள் பாதங்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் துடைத்தேன். குளிர் மைனஸ் பதினெட்டு. அவள் என் கையை நக்கினாள். இன்னும் இரண்டு நாள் இந்த ஊரில் இப்படியே போகப்போகிறது என்று தோன்றியது.

நொயெமியை அழைத்தேன்.

"எங்க இருக்க?" என்றாள். சொன்னேன். "அங்கயே இரு."

கால் மணி நேரத்தில் வந்தாள். கோட்டுக்கு அடியில் மாவு அப்பிய ஏப்ரன், பின்னால் கயிற்றில் கட்டிய நீல பிளாஸ்டிக் பனிச்சறுக்கு வண்டி. மெலாஸின் முன்பாதியை அவள் பிடித்தாள், பின்பாதியை நான் பிடித்தேன். மெலாஸ் மகாராணி போல வண்டியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அலங்காரமா அது?" என்றாள் நொயெமி.

"அந்தக் கம்பத்துல மாலை எல்லாம் தொங்குச்சுடி."

"நான் இந்த ஊருக்கு வந்த வருஷமே உனக்குச் சொன்னேன்."

"நீ சொல்றதெல்லாம் நான் எப்ப கேட்டிருக்கேன்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். இரண்டு தெரு தள்ளி, பனிக்குவியலை ஒட்டி என் கார் நின்றது, யாரோ ஒழுங்காகப் பார்த்து நிறுத்தியதுபோல.

"நாலு மணிக்கு அப்பா விருந்துக்கு வந்துடுவாரு. நான் கிளம்பணும்," என்றாள். "பூட்ஸ் எங்க வெச்ச?"

"டிக்கியில. இரு, நானே எடுக்கறேன்."

அதற்குள் அவள் திறந்துவிட்டாள். பூட்ஸுக்காகப் போர்வையை விலக்கினாள். பாத்திரத்தின் மூடியைத் தூக்கினாள். ஒரு இரவு முழுக்க உறைந்து கிடந்தும் மேல்மாவு பொன்னிறமாகவே இருந்தது. நடுவில், நான் எப்போதும் செய்வதுபோல, மாவிலேயே வெட்டி ஒட்டிய ஒரு நட்சத்திரம்.

"அம்மா, இது யாருக்கு?"

"மெலாஸுக்குன்னு சொன்னா நம்புவியா?"

"வெங்காயம் போட்டிருக்க. நாய்க்கு வெங்காயம் விஷம்னு நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்த."

"அப்ப வழியில சாப்பிட எடுத்துட்டு வந்தேன்னு வெச்சுக்கோ."

"பன்னெண்டு பேர் சாப்பிடலாம்மா இதை."

நான் மெலாஸின் முன்னங்காலில் பூட்ஸை மாட்டினேன். பட்டை பிடிக்கவில்லை. மறுபடி மாட்டினேன். நொயெமி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்டோபரில் கேட்ட கேள்வியை இன்னொரு முறை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. அவள் மூச்சு வெள்ளையாக வந்து வந்து கலைந்தது. மூன்று வருடமாக அவள் எனக்குக் கேட்க இடம் விட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நான்தான் ஒவ்வொரு முறையும் "இல்லையே" என்று சொல்லியிருக்கிறேன்.

நாயின் காலை விட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

"நொயெமி," என்றேன். "உங்கப்பா இருக்கட்டும். அவரு இருக்கறப்பவே, இன்னிக்கு உன் மேஜையில எனக்கும் ஒரு நாற்காலி போடறியாம்மா?"