மஞ்சளும் நீலமுமாய் ஒரு தண்டு

வகுப்பில் அவரை எல்லோரும் நர்சரி அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பகலில் செடி விற்கும் நர்சரியில் வேலை, மாலையில் தாவரவியல் பட்டப்படிப்பு. முப்பத்தாறு வயதில் நர்சரி படிக்கிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். செடி வேலைக்கு அது தடையாக இருந்ததில்லை. இலையைத் தடவியே பெயர் சொல்லிவிடுவார். தக்காளி வாங்குவதை மட்டும் மனைவியிடம் விட்டுவிடுவார்.

நுண்ணோக்கி வகுப்பில்தான் மாட்டிக்கொண்டார். தண்டை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் கடத்தும் குழாய்கள் சிவப்பு, சுற்றியிருக்கும் திசு பச்சை. மற்றவர்கள் ஒரு பார்வையில் எண்ணிவிட்டு எழுந்துவிடுவார்கள். அவருக்கு எல்லாம் ஒரே சேற்று நிறம். நாற்பது பேருக்குப் பன்னிரண்டு நுண்ணோக்கிகள் என்பதால் பின்னால் நிற்பவர்கள் வேறு அவசரப்படுத்துவார்கள். பேந்தப் பேந்த விழித்துவிட்டு, பக்கத்து நோட்டைப் பார்த்து வரைவார். முதலாண்டுத் தேர்வையும் அப்படித்தான் ஒப்பேற்றினார். வெளியே சொன்னால் இந்தப் படிப்பு உங்களுக்குச் சரிவராது என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டுக்கு வந்த விரிவுரையாளர் அவரைவிட ஆறேழு வயது இளையவர். வரிசைத் தொல்லையைப் பார்த்துவிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து கல்லூரி இணையதளத்தில் ஏற்றினார். வீட்டிலிருந்தே பெரிதாக்கிப் பார்க்கலாம், நேரம் போவதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார்.

நர்சரி அண்ணனுக்கோ சேறு திரையிலும் சேறாகவே இருந்தது. ஞாயிறு காலை லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போட்டோ ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துவது அவள் வேலை. திரை ஓரத்தில் இருந்த பட்டன் எதற்கு என்று கேட்டாள். தெரியாது என்றார். அவளே அழுத்தினாள். நிறத்தை மாற்றும் கோடு ஒன்று வந்தது. அதை மெல்ல நகர்த்திக்கொண்டே, இப்போ, இப்போ என்று கேட்டாள்.

ஓரிடத்தில் அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். நீலப் பரப்பில் மஞ்சள் கொத்துகள், வட்டமாக, தனித்தனியாக. விரலை வைத்து எண்ணினார். பதினேழு. மறுபடி எண்ணினார். பதினேழுதான்.

"இவ்வளவு நாளா இதைத்தான் எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்களா?" என்றார்.

இனியாவது கல்லூரியில் சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. பார்க்கலாம் என்று மழுப்பினார்.

சொல்ல வேண்டிய அவசியம் தானாகவே வந்தது. மறுவாரம் கணினி அறையில் பாடம் நடந்தபோது, விரிவுரையாளர் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். மற்ற திரைகள் ஒரு நிறத்தில் இருக்க, இவருடையது மட்டும் மஞ்சளும் நீலமும். இனி மறைக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும், முதலாண்டில் பக்கத்து நோட்டைப் பார்த்து வரைந்தது உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

விரிவுரையாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "இதை ஏன் இவ்வளவு நாள் தனியா சுமந்தீங்க?" என்றார். சாயம் ஏற்றுவதே பிரித்துக் காட்டத்தான், எந்த நிறத்தில் பிரிந்தால் என்ன என்றும் சொன்னார். செய்முறைத் தேர்வைத் திரையிலேயே எழுத அனுமதி கேட்டுத் துறைத் தலைவருக்கு அன்றே கடிதம் போட்டார்.

பதில் வர நான்கு நாட்கள் ஆனது. அந்த நான்கு நாளும் நர்சரியில் ஒரே தொட்டிக்கு இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அனுமதி வந்தது. கூடவே, இனி எல்லா மாணவர்களுக்கும் அந்த நிறக் கோட்டைக் கற்றுத்தர வேண்டும் என்று ஒரு வரி. அதைச் சொல்லிக்கொடுத்த நாளில், முன் வரிசைப் பையன் ஒருவன் தன் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நர்சரி அண்ணன் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

தேர்வன்று ஐந்து ஸ்லைடுகள். யார் நோட்டையும் பார்க்காமல், கறுப்புப் பென்சிலாலேயே வரைந்து பெயர்களைக் குறித்தார். இருபது நிமிடம் மீதமிருந்தது. வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டு, "முடிச்சுட்டேன், எல்லாம் நானே பாத்து வரைஞ்சது" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. சீக்கிரம் வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம் என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அசந்து தூங்கிப்போனார். கண் விழித்தபோது இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது. இறங்கி, அவசரமே இல்லாமல் திரும்பி நடந்தார்.