சின்னப் பெட்டி

"அப்பா, அதை அப்படிப் பிடுங்காதீங்க!"

மகள் ஓடி வருவதற்குள் மெத்தைக்காரர் வயரைச் சுவரிலிருந்து உருவிவிட்டார். கம்ப்யூட்டரின் நெற்றியில் எரிந்துகொண்டிருந்த பச்சைப் பொட்டு அணைந்தது.

"முறையா நிறுத்தணும்ப்பா. அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க."

"அவளே முறையா போகலை. இதுக்கு என்ன முறை வேண்டிக்கிடக்கு?"

மகள் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். மதியத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்துவிடும். சவப்பெட்டியை வைக்க முன்னறையில் அந்த மேஜையை விட்டால் வேறு இடமில்லை. மெத்தைக்காரர் கம்ப்யூட்டரைத் தூக்கினார். டிபன் டப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது, கனமே இல்லை. இவ்வளவு சின்னதுக்குள் இத்தனை மாலை நேரங்கள் எப்படிப் போயின என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. குளியலறைக்கு வெளியே இருந்த துணி துவைக்கும் மிஷின்மேல் கொண்டுபோய் வைத்தார்.

அவர் மனைவி கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாள் முழுக்க மற்றவர்களின் எலும்பைப் பார்த்துவிட்டு வருவாள். கீழ்த்தளத்துப் பட்டறையில் அவர் சோபாவுக்கு உறை தைத்து முடித்து மேலே வரும்போது, அவள் இந்தப் பெட்டிமுன் உட்கார்ந்திருப்பாள். உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிற சிஸ்டம் இதில் ஓடாது. இதற்கென்றே ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவர்கள் உலகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுவார்கள். அதில் பிரிண்டர் வேலை செய்வதற்கான பகுதியை எழுதியதே அவள்தான் என்பார்கள்.

"ஊரே ஒண்ணு வச்சிருக்கு. உனக்கு மட்டும் எதுக்கு இது?" என்று ஒருமுறை கேட்டார்.

"எல்லாரும் ஏறுற பஸ்ல எனக்கு உட்கார இடம் கிடைக்கலைங்க."

அன்றிலிருந்து அதற்கு 'சின்ன வீடு' என்று பெயர் வைத்தார். "என்ன, சின்ன வீட்டுல விளக்கு எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். அவளும் சிரிப்பாள். ஆனால் அவரிடம் சிரிக்கிற சிரிப்பு வேறு, அந்தத் திரையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு வேறு. வாசல்படியில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். உள்ளே வந்ததும் அது நின்றுவிடும்.

அந்தப் பெட்டியை வைத்திருப்பவர்கள் திரையில் எழுதியே பேசிக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் புனைபெயர். அதில் ஒருவன் ஆந்தை. "ஆந்தை இன்னைக்கு என்ன சொன்னாரு தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். கேட்டால் அவருக்குச் சிரிப்பு வராது. சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்த அந்த ஆந்தைக்கு அவர் மனதுக்குள் ஒரு உருவம் கொடுத்திருந்தார்: உயரம், நரைக்காத தலை, நல்ல குரல்.

வண்டி வந்து, அவளை மேஜைமேல் வைத்தபின், ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். கிளினிக் டாக்டர் வந்தார். எதிர்வீட்டுக்காரர் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். மெத்தைக்காரர் அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே தூறல்.

வாசலில் ஒருவர் நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். குள்ளம், வழுக்கை, மூக்குக் கண்ணாடியில் நீர்த்துளிகள். மைத்துனன் எழுந்துபோய், "யாருங்க நீங்க?" என்றான்.

"நான்... என்னை ஆந்தைன்னு சொல்லுவாங்க."

மைத்துனன் திரும்பி வந்து அவர் காதில், "அத்தான், சாவு வீட்டுக்கு ஆந்தையே வந்திருக்கு" என்றான். மெத்தைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷம் தான் பொறாமைப்பட்டது இந்த ஆளைப் பார்த்தா என்று அவமானமாக இருந்தது. அழகனாக இருந்திருந்தால் மனசாவது ஆறியிருக்கும்.

ஆந்தை மேஜையருகே வந்தார். அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். காலையிலிருந்து மெத்தைக்காரருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதிலும் இந்த ஆள் முந்திக்கொண்டார்.

"யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க. எங்க திரையில அவங்க பேருக்குப் பக்கத்துல பச்சை எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சொன்னாங்க, 'நான் வந்து என் கையால நிறுத்துற வரைக்கும் ஓடட்டும்'னு. காலையில அணைஞ்சிடுச்சு. அப்பவே கிளம்பிட்டேன். முன்னாடி அவங்க கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபேன் பார்சல் அனுப்பியிருந்தேன், அதனால விலாசம் இருந்துச்சு."

மெத்தைக்காரர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். மரணச் செய்தியை அந்தக் கூட்டத்துக்குச் சொன்னது அவருடைய கைதான்.

"கரண்ட் போயிருக்கலாம்னு நினைக்கலையா?"

"மத்த நாளா இருந்தா நினைச்சிருப்போம். ஆபரேஷன் ஐம்பதுக்கு ஐம்பதுதான்னு டாக்டர் சொன்னதா எழுதியிருந்தாங்களே."

மகள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அவரிடம் மனைவி சொன்னது வேறு. 'பல்லு பிடுங்குற மாதிரிங்க. ரெண்டே நாள்ல வந்து உங்களுக்குக் காபி போட்டுத் தருவேன்.' அவரும் நம்பி, அன்று பட்டறைக்குப் போய் ஒரு திவானுக்கு உறை வெட்டினார்.

"உங்ககிட்ட சொல்லியிருக்கா" என்றார் மெதுவாக.

ஆந்தைக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்ககிட்ட சொல்றது சுவத்துக்கிட்ட சொல்ற மாதிரிங்க. உங்ககிட்ட சொன்னா நீங்க உடைஞ்சு போவீங்கன்னு..."

"அதையும் எழுதினாளா?"

"ம்."

மெத்தைக்காரர் எழுந்து பின்பக்கம் போய் முகத்தைக் கழுவினார். திரும்பியபோது ஆந்தை மிஷின் பக்கத்தில் நின்றிருந்தார். கம்ப்யூட்டர்மேல் படிந்திருந்த சோப்புத்தூளைக் கைக்குட்டையால் துடைக்கக் குனிந்தார்.

"அதைத் தொடாதீங்க."

ஆந்தை கையை எடுத்துக்கொண்டார். "அவங்க கடைசியா எழுதின புரோகிராம் இதுலதான் இருக்கு. எங்க எல்லாருக்கும் தேவைப்படும். இன்னைக்கு இல்லை. என்னைக்காவது..."

"என்னைக்காவது பார்க்கலாம்."

ஆந்தை தலையாட்டினார். போகாமல் நின்றார். "ஒண்ணு சொல்லட்டுமா? எங்களுக்கெல்லாம் உங்களைக் கண்டா ஆகாது. பேச்சு சுவாரசியமா போய்க்கிட்டிருக்கும். திடீர்னு 'படியில செருப்புச் சத்தம், அவர் வந்துட்டார்'னு எழுதிட்டு எழுந்து போயிடுவாங்க. ஒரு நாளாவது இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போகலாம்ல? இருக்க மாட்டாங்க. யாருடா இந்த ஆளுன்னு நான் வயிறெரிஞ்சிருக்கேன்."

மெத்தைக்காரர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அடுத்த நொடியே அது கசந்தது. இதைக்கூட அவள் நேரில் சொல்லவில்லை. இதையும் இந்த ஆள் கையால்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாலையில் எடுக்கும் நேரம் வந்தது. படிக்கட்டு குறுகல், தலைப்பக்கம் இரண்டு பேர், கால்பக்கம் இரண்டு பேர், அதற்குமேல் ஆள் நுழைய முடியாது. மைத்துனன் இடுப்பு வலிக்குப் பெல்ட் கட்டியிருந்தான், அவனால் தூக்க முடியாது. வண்டி ஓட்டுநர், எதிர்வீட்டுக்காரர், மெத்தைக்காரர் போக ஒரு ஆள் குறைந்தது.

"நான் பிடிக்கிறேன்" என்று ஆந்தை முன்னால் வந்தார். நேராகத் தலைப்பக்கம் வந்து நின்றார்.

"நீங்க கால் பக்கம் போங்க" என்றார் மெத்தைக்காரர்.

ஆந்தை போனார். தூக்கினார்கள். மகள் முன்னால் இறங்கி விளக்கைப் போட்டாள். கால்பக்கம் பிடித்த இருவரும் முதுகுப்புறமாக ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். முதல் திருப்பத்திலேயே பாரம் கீழே சரிந்தது. படியிறக்கும்போது கனம் கீழே இருப்பவனுக்குத்தான். மேலே இருப்பவன் சும்மா பிடித்துக்கொண்டு வருவான். காலமெல்லாம் சோபா இறக்கியவருக்கு அது தெரியாததல்ல. முகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அவசரத்தில் மறந்துவிட்டார். அவர் கையில் இப்போது வெறும் கைப்பிடிதான் இருந்தது. கீழே ஆந்தையின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவளைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க" என்றார் மெத்தைக்காரர்.

"என்ன அத்தான்?" மைத்துனன் மேலிருந்து கேட்டான்.

"இடம் மாத்திக்கணும்."

"இந்தச் சந்துலயா?"

"கீழ வைங்க."

திருப்பத்தில் பெட்டியை வைத்தார்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு மெத்தைக்காரர் கீழே வந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. ஆந்தை மேலே ஏறினார்.

மெத்தைக்காரர் குனிந்து பிடியைச் சரிபார்த்துக்கொண்டார்.

"இப்ப தூக்குங்க" என்றார். தூக்கியதும் கனம் மொத்தமும் அவர்மேல் வந்து இறங்கியது. முதுகுப்புறமாகக் காலை நீட்டி, அடுத்த படியைத் துழாவினார்.