கட்டுப்படியாகாத விலை

அக்காவுக்கும் தம்பிக்கும் அப்பா விட்டுப்போனது ஒரு சலவைக்கூடம். மூன்று பெரிய துவைக்கும் இயந்திரங்கள், ஒரு பழைய வேன், பதினோரு ஆட்கள். துவைப்பது, உலர்த்துவது, மடிப்பது எல்லாம் அக்காவின் பொறுப்பு. ஓட்டல்களைப் பிடிப்பதும் விலை பேசுவதும் பணம் வாங்குவதும் தம்பியின் வேலை.

ஊரிலேயே பெரிய ஓட்டலைப் பிடித்த அன்று அவன் கால் தரையில் பாவவில்லை. போட்டிக்கு வந்தவர்களை விரட்டுவதற்காக ஒரு படுக்கை விரிப்புக்கு அவன் சொன்ன விலை சோப்புக்கும் தண்ணீருக்குமே காணாது. இரண்டாவது மாதமே அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் விலையை ஏற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இங்கே வாங்கி அங்கே கொடுத்து எட்டு மாதம் ஓட்டினான். அக்கா கேட்டால், "சூப்பரா போகுதுக்கா" என்பான்.

ஒரு நாள் காலை, சோப்புத்தூள் ஏற்றிவந்த லாரி வாசலிலேயே நின்றுவிட்டது. ரொக்கம் கொடுத்தால்தான் இறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றார் ஓட்டுநர். ஆட்கள் ஈரத்துணியும் கையுமாக வெளியே வந்து பார்த்தார்கள். கணக்கில் ஏதோ குழப்பம் என்று தம்பி சமாளித்தான். லாரி வந்த வழியே திரும்பியது.

அக்கா அவனைத் துணி மடிக்கும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பாதிப் பொய்யில் ஆரம்பித்தவன், அவள் குறுக்கே எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் முழு உண்மையில் வந்து நின்றான். அவள் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மூன்று மாதத்துக்குப் பாதிச் சம்பளம்தான் தர முடியும், ஆட்களிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றாள்.

"நீயே சொல்லிடுக்கா" என்றான்.

மதியம் அக்கா சொன்னாள். எங்கள் பக்கம் தப்பு நடந்துவிட்டது, நாங்கள் இரண்டு பேரும்தான் பொறுப்பு என்றாள். விலையைப் பற்றியோ அவனைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. தம்பி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, தரையில் ஓடிய சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இஸ்திரி போடுகிறவர் முன்னால் வந்தார். எப்போதும் விறைத்து நிற்பதால் அவருக்குக் கஞ்சி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பியே பார்ப்பார். அன்றைக்கு அந்த விறைப்பு இல்லை.

"தங்கச்சி, போன மாசம் என் கையால நாலு விரிப்பு கருகிப்போச்சு. அதனாலதானா? கண்ணு முன்ன மாதிரி இல்ல. சொல்லப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன். என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

தம்பி தலையை நிமிர்த்தினான். நாலு விரிப்பு. அவன் நஷ்டத்துக்குத் துவைத்துக் கொடுத்தது நாளொன்றுக்கு நானூறு.

"அண்ணே, உங்களால இல்ல" என்றான். "நான்தான். பெரிய ஓட்டல புடிச்சேன்னு பேர் வாங்கணும்னு கட்டுப்படியாகாத விலை பேசிட்டேன். தெரிஞ்சும் எட்டு மாசம் மறைச்சேன். அக்காவுக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கஞ்சி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பினார். கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுக்கும் பெண் மட்டும், பாதிச் சம்பளத்தில் தன்னால் வீட்டு வாடகை கொடுக்க முடியாது என்று தணிந்த குரலில் சொல்லி, கணக்கை முடித்துக்கொண்டு போனாள். 

மறுநாள் விலையை ஏற்றிக் கேட்க ஓட்டலுக்குத் தனியாகக் கிளம்பியவனோடு அக்காவும் வேனில் ஏறிக்கொண்டாள். நான் செய்ததற்கு நீ எதற்கு வந்து தலைகுனிய வேண்டும் என்று கேட்டான்.

"எட்டு மாசத்துல ஒரு தடவகூட நான் கணக்க எடுத்துப் பாக்கலடா. சோப்புத்தூள் மாசாமாசம் கொறைஞ்சு வர்றது எனக்குத் தெரியும். நல்லா போகுதுன்னு நீ சொல்றத கேக்க சுகமா இருந்துச்சு, விட்டுட்டேன். அத யார் தலையில கட்டறது?"

ஓட்டல் மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். அந்த விலைக்கு உங்களால் எப்படித்தான் முடிகிறதோ என்று இங்கே நாங்களே பேசிச் சிரித்ததுண்டு என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினார். விலையை ஏற்ற வழியில்லை, மாதக் கடைசியோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். இருவரும் அழுக்குத்துணி மூட்டைகள் இறங்கும் பின்படி வழியாகவே வெளியே வந்தார்கள்.

ஓர் இயந்திரத்தையும் வேனையும் விற்றதில் கடன் முக்கால்வாசி அடைந்தது. மீதிக்கு இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். தம்பி சைக்கிளில் மூட்டை கட்டிச் சின்ன விடுதிகளுக்குக் கொண்டுபோனான். வழியில் அந்தத் தையல்காரப் பெண்ணின் தெரு வரும். அதைத் தவிர்க்க நாலு தெரு சுற்றிப் போவான்.

அக்கா புதிதாக ஓர் ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமைதோறும் வரவு செலவை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். வாசிப்பது தம்பி. முதல் சனிக்கிழமை அவன் காது மடல் சுட, நோட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"தம்பி" என்றார் கஞ்சி, இஸ்திரி மேசையிலிருந்து. "பின்னாடி கேக்கல."

அவன் நோட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.