சுவரைத் தட்டினால் நிற்கும் மெஷின்

சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரிட்டயர்டு டிரைவர் தன்னைத்தானே கட்டிலோடு கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். மார்பைச் சுற்றி ஒரு பெல்ட், அதன் வார் தலைமாட்டுக் கம்பியில். இடுப்பைச் சுற்றி இன்னொன்று. அதிலிருந்து போன கயிறு கால்மாட்டுக் கம்பியைத் தாண்ட, நுனியில் தண்ணீர் நிரப்பிய கேன். இப்படி இழுத்தால் முதுகெலும்பு விரிந்து கொடுக்குமாம், வலி ஓடியே போய்விடுமாம். போனில் பார்த்த வீடியோ சத்தியம் செய்யாத குறை.

வீடியோவில் கேனை மெதுவாகத் தொங்கவிட்டவள் படுத்திருந்தவரின் மனைவி. ‘பக்கத்தில் ஒருவர் இருப்பது அவசியம்’ என்று எழுத்து வேறு ஓடியது. டிரைவர் அந்த இடத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பார்த்தார். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் கடல் கடந்து இருக்கிறாள். போன மாதம் ஆஸ்பத்திரியில், “அடுத்த தடவை துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தவர்தான், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யாரைக் கூட்டிக்கொண்டு போவது? மகளிடம், “வலியெல்லாம் பறந்து போச்சும்மா” என்று சொல்லிவிட்டார்.

ஆள் இல்லாததற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கேனை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு, காலால் ஸ்டூலை உதைத்தார்.

கேன் தொபுக்கென்று இறங்கியது. இடுப்பில் வெட்டி இழுத்ததுபோல் ஒரு பிடிப்பு. ஐயோ என்று கத்தக்கூட மூச்சு வரவில்லை. கொக்கியைக் கழற்றப் பார்த்தார், இழுவையில் அது இறுகிக் கிடந்தது. கொஞ்சம் அசைந்தாலே உயிர் போனது. போன் மேஜை மேல் சார்ஜில் கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் டெய்லரம்மாவின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டிரைவரின் மத்தியானத் தூக்கத்துக்கு அது ஜென்ம விரோதி. அவர் சுவரைத் தட்டுவார், மெஷின் நிற்கும். அவ்வளவு நாளாக இரண்டு வீட்டுக்கும் இருந்த பேச்சுவார்த்தை அது ஒன்றுதான்.

தட்டினார். மெஷின் நின்றது.

அட கடவுளே! மறுபடி தட்டினார். மெஷினைத் தரதரவென்று இழுத்து எதிர்ச்சுவரோரம் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கூப்பிடலாம் என்றால் அந்த அம்மாளின் பெயர்கூடத் தெரியாது. இப்படியே செத்துக் கிடந்தாலும் நாற்றம் அடித்த பிறகுதான் வருவார்கள் என்று நினைத்தபோது, அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மானம் மரியாதையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் சுவரை அறைந்தார்.

பின்பக்க வராந்தாவிலிருந்து குரல் வெடித்தது. “மெஷினத்தான் நிறுத்திட்டேனே! இன்னும் என்ன வேணும் சார்? மூச்சையும் நிறுத்தணுமா?”

“சண்டை இல்லம்மா...” குரல் உடைந்தது. “என்னால எந்திரிக்க முடியல.”

வராந்தா நடுவே இடுப்பளவு சுவர்தான். அதைத் தாண்டி, திறந்திருந்த பின்கதவு வழியாக அவள் ஓடி வந்தாள். நின்ற நிலையில் ஒரு பார்வை பார்த்தாள். கேனைத் தாங்கி, ஸ்டூலை இழுத்து அதன்மேல் வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

“புது பெல்ட்டும்மா, வெட்டாதீங்க!”

“பெல்ட் முக்கியமா, இடுப்பு முக்கியமா? பேசாம படுங்க.”

அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான். “இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று அங்கே நர்ஸ் டிரைவரிடம் கேட்டபோது, “பக்கத்து வீட்டு சண்டைக்காரி” என்று அவளே பதில் சொன்னாள். “எல்லா முதுகுவலிக்கும் இழுவை ஒத்துவராதுங்க. யாருக்கு, எவ்வளவுன்னு பரிசோதிச்சுதான் சொல்ல முடியும். வீடியோவுக்கு உங்க முதுகு தெரியுமா?” என்று கடிந்துகொண்டார் டாக்டர்.

திரும்பி வரும்போது டிரைவர் மெல்லச் சொன்னார். “துணைக்கு ஆள் இல்லேன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சும்மா.”

“இல்லாதது ஆள் இல்லண்ணே, கேக்குற வாய். வலிய மறைச்சு வெச்சா அது ஆளையே முழுங்கிடும். டாக்டர்கிட்டயும் சொல்லணும், பக்கத்து வீட்டுலயும் சொல்லணும், பெத்த பொண்ணுகிட்டயும் சொல்லணும்.” கொஞ்ச தூரம் போனதும் அவள் குரல் இறங்கியது. “நானும் தனிக்கட்டைதான். இனிமே மெஷின் ஓடும்போது தட்டாதீங்க. நின்னா தட்டுங்க.”

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவள் அழுதாள், திட்டினாள், அப்புறம் டெய்லரம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மெஷின் பழைய இடத்துக்கே வந்து கடகடவென்று ஓடியது. டிரைவர் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று சத்தம் நின்றது. அவர் பதறிப்போய்ச் சுவரைத் தட்டினார்.

“உசுரோடதான் இருக்கேண்ணே!” என்றது சுவருக்கு அந்தப் பக்கம். “நூல் அறுந்து போச்சு, அவ்வளவுதான்!”