வெள்ளிக்கிழமை மீன்

புகை வேலிக்கு மேலே ஏறுவதற்குள் மீனைப் புரட்டியாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால், கோடியில், மீனாம்பிகை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தட்டகப்பையை அறுக்குளாத் துண்டின் அடியில் செருகி ஒரே வீச்சில் திருப்பினாள். ஒன்றும் பாதியுமாய் இடித்த மிளகும் மல்லியும் பெருஞ்சீரகமும் மீனின் மேல் கறுத்த பொருக்காய்ப் பிடித்திருந்தன. இரும்புக்கல் சீறியது. கல்லை விட அதிகமாய் அவள் நெஞ்சு சீறியது.

வெள்ளிக்கிழமை! அளவெட்டியில், மற்ற நாளில் வாசல் படலையில் மீன் வாங்கினாலும் வெள்ளியில் மச்சம் தொடாத சைவ வீட்டில், பட்டப்பகலில் மீன்!

"மச்சாள்! என்ன, உங்கடை கோடிப்பக்கம் மணக்குது?" வேலிக்கு அப்பாலிருந்து கமலாவதி கேட்டாள். பக்கத்து வீடு, மூக்கு மட்டும் இந்த வீட்டில்.

"பூனை ஆரின்ரையோ கருவாட்டை இழுத்துக்கொண்டு வந்து அடுப்பிலை போட்டிட்டுது."

"கெட்டிக்காறப் பூனைதான். மிளகு மல்லி எல்லாம் இடிச்சுப் போட்டிருக்கு." கமலாவதி குரலைத் தாழ்த்தினாள். "உங்கடை பூனை கொஞ்ச நாளாய் மயிலிட்டிக் கடற்கரைப் பக்கம் திரியுதாம், மச்சாள். ஒரு வீட்டு வாசலிலை உங்கடை சைக்கிள் நிண்டதைக் கண்டவை சொன்னவை."

மீனாம்பிகையின் தட்டகப்பை கல்லில் 'ணங்' என்று மோதியது.

அப்போ, ஊருக்கே தெரியும்!

அவள் கணவன் பஞ்சலிங்கம் சங்கக்கடை மனேச்சர். மணிக்கூடு மாதிரி மனுசன். அந்த மணிக்கூடுதான் ஏழு நாளாய்த் தாறுமாறாய் ஓடியது. சவரம் இல்லை. கோயில் இல்லை. கட்டிலை விட்டுவிட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கை. ஏழு நாளும் மச்சம் தொடாத அதே ஆள், இன்று காலை ஓலைப்பறியில் மீனோடு வந்து நின்றார்.

"குழம்பு வேண்டாம். பொருக்குப் பிடிக்கச் சுட்டுத் தாரும். உள்ளுக்கை வெள்ளையாய், ஈரமாய் இருக்கவேணும்."

ஒன்பது வருடத்தில் உப்புக் கூடிவிட்டது என்றுகூடச் சொல்லத் தெரியாத வாய் அது! சாமைக்கும் பக்குவம் சொன்னார். அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்த நாள் தொட்டு அந்த வீட்டில் சாமைச் சோறுதான். இவரோ அதை உதிரி உதிரியாய் அவித்து, சுளகில் பரப்பி ஆறவிட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பிஞ்சு மாங்காய், தேங்காய்ப்பூ சேர்த்து, தேசிக்காய் பிழிந்து பிசறச் சொன்னார். இந்த ருசியை இவர் நாக்கில் வைத்த கை எவளுடைய கை?

கிணற்றடியிலிருந்து ஈரத் தலையோடு பஞ்சலிங்கம் வந்தார்.

"கருகேல்லைத்தானே?"

"கருகினால் ஆர் கோவிக்கப் போகினம்?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஒரு வாழையிலை வெட்டித் தாரும்."

"இருந்து சாப்பிடவோ, கொண்டுபோகவோ?"

"கொண்டுபோக."

"அப்ப நானும் வாறன்."

"நீர் வரக்கூடாது."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். போதாதா? மீனாம்பிகை மனதுக்குள் தீர்ப்பெழுதிவிட்டாள். இது அவளுடைய சீதன வீடு. அந்தச் சாப்பாட்டை வாங்குகிற முகத்தை ஒருதரம் கண்ணால் பார்ப்பாள். பிறகு படலையைக் கட்டுவாள். இந்த மனுசன் மறுபடி உள்ளே வர முடியாது.

அவர் சைக்கிளைத் தொடவில்லை. இலையால் மூடிய பெட்டியோடு பின்வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள் குனிந்து, பனங்காணிக்குள் இறங்கினார். ஓகோ, ஆள் இவ்வளவு கிட்டத்தில் வந்து காத்திருக்கிறாளா! மீனாம்பிகை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் போனாள். காய்ந்த ஓலை காலடியில் சரசரத்தது. அவர் திரும்பவில்லை.

ஒரு இளம்பனை வடலிப் பற்றைக்கு அப்பால் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. யாருக்கோ பரிமாறுகிறார். குரல் கேட்டது, கெஞ்சலாய், அவள் ஒருநாளும் கேட்டிராத குரலாய்:

"சாப்பிடணை. உன்ரை கை ருசி வராதுதான். எண்டாலும் சாப்பிடணை."

மீனாம்பிகை பற்றையைப் பிளந்துகொண்டு பாய்ந்தாள்.

"எங்கை அவள்?"

யாரும் இல்லை. நிலத்தில் வாழையிலை. இலையில் மீன், சாமை. பக்கத்தில் ஓலையில் கோலிய ஒரு பிளாவில் கள். சிட்டி விளக்கொன்று வெயிலில் எரிந்துகொண்டிருந்தது.

அவள் கால் நின்றுவிட்டது. இது அவளுக்குத் தெரியும். செத்தவர் வாய்க்குப் பிடித்ததை, மச்சமானாலும் கள்ளானாலும், எட்டாம் நாள் சமைத்துப் படைக்கிற படையல். மழிக்காத தாடியும் விறாந்தைப் பாயும் சாவுத் துடக்குக் காத்த மனுசனுடையவை.

"ஆருக்கு எட்டு?" அவள் இலைக்குக் கிட்ட வந்தாள். "அதுவும் வெள்ளிக்கிழமையிலை?"

"எட்டு எனக்காக நாள் பாத்து வருமே?" அவர் திரும்பாமலே சொன்னார். "அம்மாவுக்கு."

"உங்களுக்கென்ன விசரே? மாமி செத்து மூண்டு வருசம். நானெல்லோ ஊருக்குச் சோறு போட்டனான்!"

"அவ வளத்தவ. சாகக் கிடக்கேக்கைதான் எனக்குச் சொன்னவ. பிறந்த மூண்டாம் நாள் என்னை வாங்கினவவாம். பெத்தவ மயிலிட்டியிலை எண்டு அறிஞ்சு தேடிப் போனன். முதல் நாள் எனக்கு இந்த மீனைத்தான் சுட்டுத் தந்தா. உமக்குச் சொல்லப்படாது எண்டு சத்தியம் வாங்கினவ. தெரிஞ்சால் நீர் என்னை வீட்டாலை துரத்திப் போடுவீராம்."

மீனாம்பிகைக்கு முகம் சுட்டது. "என்னைக் காணாத மனுசி, என்னைப் பற்றி அப்பிடிச் சொல்லலாமே?"

பஞ்சலிங்கம் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"காணாமல் என்ன? ரெண்டு வருசமாய் எங்கடை படலையிலை கடகத்தை இறக்கி, உம்மோடை பகிடி விட்டுக்கொண்டு மீன் வித்தவ. தண்ணி விடாய்க்குதெண்டால் நீர் எட்டி நிண்டு செம்பாலை வார்ப்பீர், அவ குனிஞ்சு கையிலை ஏந்திக் குடிப்பா. மீன்காற வள்ளிப்பிள்ளை. அவதான் என்னைப் பெத்தவ."